‘ஹீ’ என்றால் ‘ஷீ’யும் அடக்கமா?

ஜூலை 4, மாலை. வேளச்சேரி வாசகர் ஒருவரின் கேள்வி:

வாடகைக்கு வீடு பார்த்தாச்சு. ஓனர் ஒரு அம்மா, வீடு அவங்க பேரில். அக்ரிமென்ட் ஆங்கிலத்தில் வந்தது. லெஸ்ஸார், அதாவது வாடகைக்கு விடுகிறவர், என்று வருகிற இடமெல்லாம் ‘ஹிஸ் ஏர்ஸ்’ (அவனுடைய வாரிசுகள்), ‘ஹீ ஷேல்’. புரோக்கரிடம் கேட்டேன். “சட்டத்துலயே ஹீன்னா ஷீயும் சேர்த்திதான் சார், கை வெச்சா பத்திரம் கெட்டுப்போயிடும்” என்றார். எனக்கும் அதுதான் சரியென்று படுகிறது. ஆங்கிலத்தில் ஆண்பால்தான் பொதுப்பால். இதைப் போய்ப் பாரபட்சம் என்று பேசுவது வேலை இல்லாதவர்கள் வேலை. யாராவது மறுக்க முடியுமா?

ஜூலை 4, இரவு

பாரிமுனைப் பக்கம் தமிழ்ப் பத்திரங்களை ஆங்கிலமாக்கிக் கொடுப்பது என் பிழைப்பு. புரோக்கர் சொன்னதில் பாதி சரி. 1897ஆம் வருஷத்து ஜெனரல் கிளாஸஸ் ஆக்ட், 13ஆம் பிரிவு: ஆண்பாலில் எழுதியிருந்தால் பெண்பாலும் அடக்கம். பழைய இந்திய தண்டனைச் சட்டம் 8ஆம் பிரிவும் இதையே சொன்னது. அதற்குப் பதிலாக 2024 ஜூலையில் அமலுக்கு வந்த பாரதிய நியாய சம்ஹிதாவில் 2(10)இல் திருநர்களையும் அந்த ‘ஹீ’க்குள் கொண்டுவந்துவிட்டார்கள்.

ஆனால் 13ஆம் பிரிவு மத்திய சட்டங்களைப் படிப்பதற்கான விதி. உங்களுக்கும் ஓனரம்மாவுக்கும் நடுவில் இருக்கிற தாளுக்கு அது தானாக வந்து ஒட்டிக்கொள்ளாது. ‘ஹெர்’ என்று மாற்றினால் ஒன்றும் கெடாது. கெடும் என்று சொல்வதற்கு வேறு காரணம். ஜாப் டைப்பிங் கடைகளில் ஒரு ஃபைல் இருக்கும், யாரோ எப்போதோ அடித்தது. பெயர், கதவு எண், அட்வான்ஸ் தொகை, இந்த மூன்றை மட்டும் மாற்றிப் பிரின்ட் எடுப்பார்கள். ‘ஹிஸ்’ஸைத் தேடித் தேடி மாற்ற உட்கார்ந்தால் பின்னால் நிற்கிற ஆள் அடுத்த கடைக்குப் போய்விடுவார்.

ஜூலை 5

கேள்வியின் இரண்டாவது பாதியை நேற்று தொடவில்லை. ‘ஹீ’ என்றால் எல்லாரும் என்பது உண்மையென்றால், அதை யார் எப்போது உண்மையாக எடுத்துக்கொண்டார்கள் என்று பார்க்கணும்.

இங்கிலாந்தில் 1850லேயே சட்டம் வந்துவிட்டது, ஆண்பாலில் பெண்பால் அடக்கம் என்று. 1867இல் வாக்குரிமையை விரிவாக்கும் மசோதா வருகிறது. அதில் ‘மேன்’ என்று இருந்தது. அப்போது எம்.பி.யாக இருந்த தத்துவஞானி ஜான் ஸ்டூவர்ட் மில் எழுந்து, அதை ‘பெர்சன்’ என்று மாற்றுங்கள் என்றார். ஆதரவு 73, எதிர்ப்பு 196. சரி, ‘மேன்’ என்றே இருக்கட்டும், அதிலேயே நாங்களும் அடக்கம்தானே என்று மான்செஸ்டரில் ஆயிரக்கணக்கான பெண்கள் வாக்காளர் பட்டியலுக்கு மனுப் போட்டார்கள். 1868இல் நீதிமன்றம் சொன்னது: இந்த இடத்தில் அடக்கம் இல்லை.

அதே பெண்களிடம் வரி வசூலித்த சட்டங்களும் ‘ஹீ’ என்றுதான் பேசின. அங்கே யாரும் வழக்குப் போட்டுத் தப்பிக்க முடியவில்லை.

நம் ஊர்க் கதையும் இருக்கிறது. 1916இல் ரெஜினா குஹா என்ற சட்டப் பட்டதாரி கல்கத்தாவில் வக்கீலாகப் பதியப் போனார். முடியாது என்றது உயர் நீதிமன்றம். 1921இல் பாட்னாவில் சுதான்சுபாலா ஹஜ்ரா கேட்டார், அதே பதில். 1879ஆம் வருஷத்து வக்கீல்கள் சட்டத்தில் வரும் ‘பெர்சன்’ பெண்ணைக் குறிக்காது என்று முடிவு. இதற்கென்றே 1923இல் தனிச் சட்டம் போட்ட பிறகுதான் எல்லா நீதிமன்றங்களிலும் கதவு திறந்தது. ‘பெர்சன்’ என்பதில் ஆண்பால் எங்கே இருக்கிறது, சொல்லுங்கள். பொதுச்சொல்லையே ஆண்பாலாகப் படிக்கத் தெரிந்தவர்கள், ஆண்பாலைப் பொதுவாகப் படிப்பார்கள் என்று நம்பச் சொல்கிறார் உங்கள் புரோக்கர்.

ஜூலை 5, மதியம்

‘இலக்கணத்தை எழுதியதே ஆண்கள், அதனால்தான்’ என்று ஒருவர் எழுதியிருக்கிறார். பொதுவாகச் சரி. ஒரு சுவையான விதிவிலக்கு: ஆண்பால் இரண்டுக்கும் பொது என்று ஆங்கில இலக்கணத்தில் அச்சிட்டுச் சொன்ன முன்னோடிகளில் ஒருவர் ஆன் ஃபிஷர். 1745. பெண், பள்ளி ஆசிரியை.

ஜூலை 7

‘மேனேஜர்’ பெண்ணாக இருந்தால் ‘வுமனேஜர்’ என்று கூப்பிடணுமா என்று கேட்ட புத்திசாலிக்கு: மேனேஜரில் இருப்பது ‘மேன்’ இல்லை, லத்தீனில் கையைக் குறிக்கும் ‘மானுஸ்’. மேனுவலும் அதே கை. ‘ஹியூமன்’ வேறு லத்தீன் வேர். இவற்றை விட்டுவிடுங்கள், பாவம். பழைய ஆங்கிலத்தில் ‘மன்’ என்றால் மனிதர், அவ்வளவுதான். ஆணுக்கு ‘வெர்’ என்று தனியாக ஒரு சொல் இருந்தது. அது செத்துப்போய், இப்போது ஓநாய் மனிதக் கதைகளில் ‘வேர்வுல்ஃப்’ என்று ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆணுக்கிருந்த தனிச்சொல் போனதும், பொதுச்சொல்லை ஆண் எடுத்துக்கொண்டான். அண்ணன் தன் சட்டை கிழிந்ததும் தம்பி சட்டையை மாட்டிக்கொண்டு, இது எப்போதுமே என்னுடையதுதான் என்று சொல்வதைப் போல.

ஜூலை 8

லண்டன் கதையெல்லாம் எதற்கு, சென்னையில் நாம் பேசுகிற ஆங்கிலத்தைப் பற்றிச் சொல்லுங்கள் என்கிறார் ஓஎம்ஆரில் வேலை பார்க்கும் தம்பி. நியாயம். வெள்ளைக்காரன் விட்டுப்போனது கொஞ்சம், நாமே தயாரித்தது அதைவிட அதிகம்.

திருவல்லிக்கேணியில் வேலைக்கு வந்த ஆண்கள் தங்குகிற இடம் ‘மேன்ஷன்’. எட்டுக்கு எட்டு அறை, பொதுக் குளியலறை, ஆனாலும் மேன்ஷன். வேலைக்கு வந்த பெண் தங்குகிற இடம் ‘வொர்க்கிங் விமன்ஸ் ஹாஸ்டல்’. பெயரிலேயே அவள் வேலைக்குப் போகிறவள் என்று நிரூபித்தாக வேண்டும். ‘வொர்க்கிங் மென்ஸ் ஹாஸ்டல்’ போர்டு யாராவது பார்த்திருக்கிறீர்களா? ஆண் என்றால் வேலைக்குத்தான் வந்திருப்பான், கேட்கவே வேண்டாம்.

டு-லெட் போர்டுக்கு வாருங்கள். ‘பேச்சிலர்ஸ்க்கு இல்லை’ என்பது இந்த ஊரின் தேசிய கீதம். பெண்கள் நான்கு பேர் சேர்ந்து வீடு தேட ஆரம்பித்ததும் புரோக்கர்களுக்கு ஒரு சொல் தேவைப்பட்டது. கல்யாணமாகாத பெண்ணுக்கு ‘ஸ்பின்ஸ்டர்’ என்று அகராதியில் இருக்கிறது, ஆனால் அதைச் சொல்லி யாராவது வீடு காட்ட முடியுமா? ‘லேடி பேச்சிலர்ஸ்’ என்று ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். எனக்கு இது பிடித்திருக்கிறது. ஒரே பொருளுக்கு இரண்டு சொல் வைத்து, ஆணுக்கான சொல்லில் ஜாலியையும் பெண்ணுக்கான சொல்லில் பரிதாபத்தையும் ஊற்றி வைத்திருந்தது ஆங்கிலம். நம் புரோக்கர் பரிதாபத்தைக் கொட்டிவிட்டு ஜாலியான சொல்லை அவளிடம் கொடுத்துவிட்டார். இங்கிலாந்தே 2005இல்தான் திருமணப் பதிவேட்டில் இரண்டு சொல்லையும் தூக்கிவிட்டு ‘சிங்கிள்’ என்று போட்டது.

‘லேடி டாக்டர்’ பற்றியும் சொல்லணும். போர்டில் இது இருப்பதால் பல பெண்கள் தைரியமாக உள்ளே போகிறார்கள், அதனால் இதை முழுக்கத் திட்டமாட்டேன். ‘லேடி கான்ஸ்டபிள்’, ‘லேடி கண்டக்டர்’, ‘லேடி வக்கீல்’ இதற்கெல்லாம் அந்தச் சமாதானம்கூட இல்லை. தமிழ்நாட்டில் 1973இல் பெண்கள் காவல்துறைக்குள் வந்தார்கள், 1992இல் ஆயிரம் விளக்கில் மகளிர் காவல் நிலையமே திறந்தாகிவிட்டது. இன்னும் ‘லேடி’ முன்னொட்டு போகவில்லை.

இன்னொன்று, யாரும் கவனிக்காதது. தெருமுனையில் டீ ஆற்றுகிறவர் ‘டீ மாஸ்டர்’. கொத்துப் பரோட்டா தட்டுகிறவர் ‘பரோட்டா மாஸ்டர்’. டெய்லரும் மாஸ்டர். விடிகாலை நான்கு மணிக்கு எழுந்து தெருவுக்கே இட்லி ஊற்றுகிற பெண்? ஆயா. அல்லது அக்கா. கைத்தொழிலில் பட்டம் ஆணுக்கு, உறவுமுறை பெண்ணுக்கு. ‘மாஸ்டர்’ ஆங்கிலச் சொல்தான், ஆனால் அதை இப்படிப் பங்கு பிரித்தது நாம்.

ஜூலை 9

‘ஆயா, அக்கா என்பது மரியாதைதானே, அதில் என்ன குறை’ என்று பெரம்பூர் அம்மா ஒருவர் கேட்டிருக்கிறார். குறை என்று சொல்லவில்லை, அம்மா. மாஸ்டர் லீவு போட்டால் கடைக்காரர் வேறு மாஸ்டரைக் கூலி பேசிக் கூட்டிவருவார். அக்கா என்று கூப்பிட்டால் கூலி பேச வாய் வராது. இவ்வளவுதான் வித்தியாசம்.

ஜூலை 9, இரவு

என் மனைவி தனியார் பள்ளியில் கணக்கு ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். பேரன் பேத்தி எடுத்த பிறகும் அவர் ‘மிஸ்’. பக்கத்து வகுப்பு ஆண் ஆசிரியர் நேற்று சேர்ந்த பையனாக இருந்தாலும் ‘சார்’. ஒருவருக்கு இங்கிலாந்து ராஜா கொடுக்கிற ‘சர்’ பட்டம், இன்னொருவருக்குக் கல்யாணமாகாத பெண்ணின் அடைமொழி. பிள்ளைகளுக்கு இது தெரியாது, தெரிந்தாலும் கவலையில்லை.

இதைப் படித்துக் காட்டினேன். அவர் சொன்னது வேறு. “எல்லாரையும் மிஸ்ஸுன்னே கூப்பிட்டதாலதான் ஸ்டாஃப் ரூம்ல யாருக்குக் கல்யாணம் ஆச்சு, யார் புருஷன் செத்துட்டார்னு பசங்களுக்குத் தெரியாம இருந்துச்சு. நல்லதுதானே?”

யோசித்தால், அமெரிக்காவில் மிஸ்ஸும் இல்லாமல் மிஸஸும் இல்லாமல் ‘எம்எஸ்’ என்று எழுதி மெனக்கெட்டு வாங்கியதும் இதைத்தான். 1901இல் மாசசூசெட்ஸில் ஒரு செய்தித்தாள் அந்த யோசனையை முன்வைத்தது, நியூயார்க் டைம்ஸ் ஏற்றுக்கொள்ள 1986 ஆனது. நம் பள்ளிக்கூடங்கள் எந்தப் போராட்டமும் இல்லாமல் அங்கே போய்ச் சேர்ந்திருக்கின்றன, எழுத்து மட்டும்தான் வேறு. கூடுதலாக ஒன்று: மிஸ், மிஸஸ் இரண்டுமே ‘மிஸ்ட்ரஸ்’ஸின் சுருக்கம்தான். 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் கல்யாணமாகாத, அந்தஸ்துள்ள பெண்ணும் மிஸஸ்தான். தாலியைப் பார்த்துப் பிரித்தது பிற்பாடு.

பெண் நீதிபதி முன்னால் பழக்கதோஷத்தில் ‘மிலார்ட்’ என்று ஆரம்பித்துவிட்டு ஜூனியர்கள் நாக்கைக் கடித்துக்கொள்வதைப் பற்றி வேறொரு நாள். பார் கவுன்சில் 2006லேயே ‘யுவர் ஆனர்’ போதும் என்று சொல்லிவிட்டது. யார் கேட்டார்கள்?

ஜூலை 11

இதுவரை சிரித்துக்கொண்டே எழுதினேன். ஒரு சொல்லில் சிரிப்பு நின்றுவிடுகிறது.

1998 ஜூலை. சென்னையில் ஒரு கல்லூரி மாணவி, ஆட்டோவில் வந்த ஆண்களின் அட்டூழியத்தில் கீழே விழுந்து தலையில் அடிபட்டு இறந்தார். ஊரே கொதித்தது. அந்த வருஷமே மாநில அரசு சட்டம் கொண்டுவந்தது. சட்டத்தின் பெயர் என்ன தெரியுமா? ஈவ் டீசிங் தடுப்புச் சட்டம். ஓர் உயிர் போயிருக்கிறது, சட்டப் புத்தகத்தின் அட்டையில் ‘டீசிங்’. கிண்டல். அதிலும் ‘ஈவ்’, பைபிளில் ஆதாமுக்குப் பழம் கொடுத்த ஏவாள். இங்கிலாந்துக்காரர்களிடம் இதைச் சொன்னால் புரியாது. முழுக்க நம் துணைக்கண்டத்துத் தயாரிப்பு. செய்தவனுக்கு விளையாட்டு, பட்டவளுக்குப் பழக்கடைக்காரி பட்டம்.

2002இல் திருத்தம் செய்து ‘ஹராஸ்மென்ட் ஆஃப் விமன்’ என்று பெயரை மாற்றினார்கள். உச்ச நீதிமன்றம் 2023 ஆகஸ்டில் நீதிபதிகளுக்காக வெளியிட்ட கையேட்டிலும் இந்தச் சொல் வேண்டாம், தெருவில் நடக்கும் பாலியல் துன்புறுத்தல் என்றே எழுதுங்கள் என்று இருக்கிறது. ‘ஹவுஸ்வைஃப்’புக்குப் பதில் ‘ஹோம்மேக்கர்’, ‘கெரியர் வுமன்’ என்பதற்குப் பதில் வெறும் ‘வுமன்’ என்றெல்லாம் அதில் வரும். என்னிடம் மொழிபெயர்க்க வருகிற புகார் மனுக்களில் இன்றும் ‘ஈவ் டீசிங்’ என்றே கேட்கிறார்கள். “அதானே சார் இங்கிலீஷ்?” எழுதுவதில்லை. ‘ஹராஸ்மென்ட்’ என்று போடுகிறேன். சிலருக்கு அது பெரிய குற்றம் மாதிரி ஒலிக்கிறதாம். ஒலிக்கட்டும்.

ஜூலை 12

கிரிக்கெட் கேட்டவர்களுக்கு, சுருக்கமாக. கிரிக்கெட் விதிகளை எழுதுகிற லண்டன் கிளப்பான எம்சிசி, 2021 செப்டம்பரில் விதிகளில் ‘பேட்ஸ்மேன்’ஐ ‘பேட்டர்’ ஆக்கியது. 2017இல் இதே கேள்வி வந்தபோது, பெண்கள் கிரிக்கெட்டில் முக்கியமானவர்களையும் கலந்துகொண்டு, பழையதே இருக்கட்டும் என்று விட்டிருந்தார்கள். நான்கே வருஷத்தில் மனசு மாறியது. ‘காதுக்கு நல்லா இல்லையே’ என்பவர்களிடம் ஒரு கேள்வி: பெளலர், ஃபீல்டர் எல்லாம் நல்லாத்தானே இருந்தது? ‘பெளல்ஸ்மேன்’ என்று நாம் எப்போதாவது சொன்னோமா?

2024 ஜூன் கடைசியில் சேப்பாக்கத்தில் தென்னாப்பிரிக்காவுக்கு எதிரான பெண்கள் டெஸ்ட். ஷஃபாலி வர்மா 205, ஸ்மிருதி மந்தனா 149, தொடக்க ஜோடி மட்டும் 292. இந்தியா 6 விக்கெட்டுக்கு 603. பெண்கள் டெஸ்ட் வரலாற்றிலேயே பெரிய ஸ்கோர். ஸ்னே ராணா ஒரே இன்னிங்ஸில் எட்டு விக்கெட். இதைச் சொல்லும்போது ‘பேட்ஸ்மேன் ஷஃபாலி’ என்று வாய் வருமா? தமிழில் ‘மட்டையாளர்’ என்று ரொம்ப நாளாக இருக்கிறது, எந்தப் பஞ்சாயத்தும் இல்லாமல்.

ஜூலை 14

மேலே மட்டையாளர் என்று எழுதியதைப் பிடித்துக்கொண்டார் ஒரு தமிழாசிரியர். ‘தமிழுக்கு இந்த நோயே கிடையாது. அவர், ஒருவர், மாணவர், மருத்துவர். ஆங்கிலம்தான் தத்தளிக்கிறது.’

ஐயா, பெருமைப்பட இடம் இருக்கிறது. ஒருவரைப் பன்மையில் சொல்வதைத் தொல்காப்பியரே பார்த்திருக்கிறார்: ‘வழக்கின் ஆகிய உயர்சொல் கிளவி, இலக்கண மருங்கின் சொல்லாறு அல்ல.’ மக்கள் பேசுகிறார்கள், உயர்வாகச் சொல்கிறார்கள், ஆனால் இலக்கண நெறி இது இல்லை. ஆங்கிலத்தில் ஒருவரைக் குறிக்க ‘தே’ போடுவதைப் பற்றி இலக்கணக்காரர்கள் போட்ட அதே முணுமுணுப்பு. அந்த ‘தே’ 14ஆம் நூற்றாண்டிலேயே எழுத்தில் இருக்கிறது, 2019இல் அமெரிக்காவின் மெரியம் வெப்ஸ்டர் அகராதி அதை அந்த ஆண்டின் சொல் ஆக்கியது. நாம் ‘அவர்’ என்று எப்போதோ தீர்த்துக்கொண்ட கணக்கு.

அப்படியிருந்தும் ஆங்கிலத்துக்கு மாறும்போது என்ன செய்கிறோம்? “டாக்டர் வந்திருக்கார்” என்று தமிழில் சொல்கிற அதே வாய், யாரென்று பார்க்காமலே, ‘ஹீ ஹேஸ் கம்’ என்கிறது. “நர்ஸ் வருவாங்க” என்பது தானாக ‘ஷீ வில் கம்’ ஆகிறது. ஆங்கிலம் ஹீயா ஷீயா என்று கேட்கிறது, உண்மைதான். பதிலை எடுத்துக் கொடுப்பது நம் மண்டை.

ஜூலை 15

நேற்று எழுதியதைப் படித்தபோது ஒன்று இடித்தது. ‘அவர்’ எல்லாருக்கும் கிடைக்கிறதா?

பத்திரம், மனு, வாக்குமூலம் என்று என் மேஜைக்கு வருகிற தமிழில் பார்க்கிறேன். ‘மேலாளர் வந்தார். வேலைக்காரி வந்தாள்.’ ஒரே பக்கம், ஒரே பத்தி. ஆண்களிலும் இந்த ஏற்றத்தாழ்வு உண்டு: ஓனர் வந்தார், வாட்ச்மேன் வந்தான். ஆங்கிலமாக்கும்போது இருவரும் ‘ஹீ’, அந்த அளவுக்கு ஆங்கிலம் நியாயஸ்தன். அவர்/அவன் பள்ளத்தை அது நிரவிவிடுகிறது, ஆண்/பெண் கோட்டை மட்டும் போட்டுத் தருகிறது. தமிழ் தலைகீழ். யார் என்று தெரியாதபோது பால் காட்டாமல் பேச வசதி இருக்கிறது, மரியாதை யாருக்கு என்பதைக் காட்டாமல் பேச வசதி இல்லை.

வீட்டுக்குள் வாருங்கள். என் தலைமுறையில் மனைவி கணவரைச் சொல்வது ‘அவர்’. பெயரைக்கூடச் சொல்லமாட்டார். கணவர் மனைவியைச் சொல்வது ‘அவ’. இதைப் பற்றி மேலும் எழுதினால் இரவுச் சாப்பாடு கேள்விக்குறி. மேலே ஜூலை 9 குறிப்பில் என் மனைவியை ‘அவர்’ என்று எழுதியிருக்கிறேனே என்று சுட்டிக்காட்டப் போகிறவர்களுக்கு: ஆமாம், எழுத்தில்.

ஜூலை 16

‘டா’ பற்றி இன்பாக்ஸ் நிரம்பிவிட்டது. ஆமாம், பெண் குழந்தையை “வாடா தங்கம்” என்று கொஞ்சலாம், பெண்கள் ஒருவரையொருவர் ‘மச்சி’, ‘டா’ போடலாம், அது நெருக்கம். பையனை “வாடி” என்றால் அடிதடி. பெண்ணை ஆண்பாலில் அழைத்தால் பதவி உயர்வு, ஆணைப் பெண்பாலில் அழைத்தால் பதவி இறக்கம். ஓஎம்ஆர் மீட்டிங்கில் பெண்களைப் பார்த்து ‘ஹாய் கைஸ்’ சொல்லலாம், ஆண்களைப் பார்த்து ‘ஹாய் கேர்ள்ஸ்’ சொல்ல முடியாது என்று தம்பி எழுதியதும் இதே கணக்குதான். இந்த விஷயத்தில் சோழிங்கநல்லூருக்கும் லண்டனுக்கும் தூரம் இல்லை.

ஜூலை 21

வேளச்சேரிக்காரர் எழுதியிருக்கிறார். ‘ஹெர்’ போட்டுக் கையெழுத்தாகிவிட்டதாம். புரோக்கர் திருத்தத்துக்கு இருநூறு ரூபாய் தனியாக வாங்கினாராம். பாரபட்சம் இருக்கிறதா இல்லையா என்று அவர் இன்னும் முடிவு செய்யவில்லை, இருநூறு ரூபாய் அதிகம் என்பதில் மட்டும் உறுதியாக இருக்கிறார்.

ஜூலை 23

தொழில் சங்கடம் ஒன்று, யாருக்காவது வழி தெரிந்தால் சொல்லுங்கள். ஒரு தமிழ் மனு. ‘இரவு கதவைத் தட்டியவர் பெயரைச் சொல்லவில்லை. அவர் மிரட்டிவிட்டுச் சென்றார்.’ தட்டியது ஆணா பெண்ணா? மனுதாரருக்குத் தெரியாது, கதவைத் திறக்கவே இல்லை, குரலும் அடங்கிய குரல். தமிழுக்கு ஒரு பிரச்சினையும் இல்லை. ஆங்கிலத்தில் ‘ஹீ’ போட்டால் நான் சாட்சி சொன்ன மாதிரி. வக்கீல் அதைத்தான் போடச் சொன்னார், “ராத்திரில வேற யார் சார் வருவா?” என்று. ‘ஹீ ஆர் ஷீ’ என்று போட்டேன், ஒரே பத்தியில் ஏழு முறை வந்தது, எனக்கே மூச்சு வாங்கியது. ‘தே’ போட்டேன். “எத்தனை பேர் வந்தாங்கன்னு ஜட்ஜ் கேட்பார்” என்று அடித்துவிட்டார். வெறும் ‘பெர்சன்’ என்றால் மொட்டையாக இருக்கிறதாம்.

ஜூலை 23, இரவு

வழி கிடைத்தது. ‘தி ஸெட் பெர்சன்’, அதாவது ‘மேற்படி நபர்’. ‘ஸெட்’ சேர்த்தால் வக்கீல்கள் எதையும் ஒத்துக்கொள்வார்கள்.